அத்தை கருக்கிய செண்பகம்

எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு வெள்ளைச் செண்பகம் நின்றது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று தெரியவில்லை. ஆடியில் வந்து ஐப்பசிக்குள் போய்ச் சேர்ந்த செடி அது. இடுப்பு உயரம்கூட இல்லை. ஆனால் என் அத்தையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பாவின் தங்கை. நாம் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கும்போது அவள் அந்தப் பக்கம் வந்தால், 'செடியைக் கருக்குன அத்தை வாராவ' என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிச் சிரிப்போமே, அந்த அத்தை. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆகையால் உங்கள் மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை.

நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. முட்டி வலி, சர்க்கரை மாத்திரை, பேரப்பிள்ளைகள் படம் என்று நம் வாட்ஸப் குரூப் ஓடிக்கொண்டிருக்கிறது. காலை வணக்கம் போடுகிற இடத்தில் இவள் என்ன இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறாள் என்று தள்ளிவிடாதீர்கள். ஒருமுறை கடைசிவரை வாசித்துவிடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அப்பாவுக்குக் குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் ஊரில் கால் தரிக்காது. எனக்குப் பத்து வயது நடந்த வருசம் அது. ஆடி பிறந்து நாலைந்து நாளில் குளிக்கப் போனவர், தலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒரு மண்தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். தொட்டியைச் சுற்றி வைக்கோல் பிரி. உள்ளே ஒற்றைக் குச்சி, ஏழெட்டு இலை, நுனியில் இரண்டு மொட்டு. குச்சியின் அடியில் ஒரு புடைப்பு. அதன்மேல் மெழுகுத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தது.

"செண்பகமா? வீட்டுக்குள்ளயா?" அம்மா வாசலிலேயே மறித்தாள். "வாசத்துக்குப் பாம்பு வருமே! பொம்பளப் பிள்ளைய பொழங்குத எடம்."

"புத்துமண்ணு குடுக்குத சங்கரன்கோவில்ல குடியிருந்துக்கிட்டு பாம்புக்குப் பயப்படுதா பாரேன்" என்று அப்பா சிரித்தார். "இது ஒட்டுக்கன்னு. மரமால்லாம் போவாது. கூடிப்போனா உன் தலைக்கு மேல ரெண்டு முழம் வரும். ரெண்டு வருசத்துல செடி பூராவும் பூவா நிக்குமாம்."

தொட்டியை வாங்கிக்கொண்டது அத்தைதான். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பத்தாவது முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டு விசைத்தறிக்கு நூல்தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிரித்தால் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அப்பாவும் அவளும் தொட்டியை நடுவில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வைக்கோலை உருவிப் பொம்மை கட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவளே குழி வெட்டினாள். துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், சாயங்கால வெயில் படாமல் சுவர் நிழல் விழுகிற இடம். நம் ஊர்க் கரிசலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் பசை, காய்ந்தால் விரல் நுழைகிற வெடிப்பு. அத்தை அந்தக் கரிசலை முழுக்க அள்ளி வெளியே போட்டுவிட்டு, தெருவில் வீடு கட்ட இறக்கியிருந்த மணலில் நாலு சட்டி கேட்டு வாங்கி, செம்மண்ணும் மக்கிய சாணியும் கலந்து நிரப்பினாள். "செடிக்கா இந்தப் பாடு? பந்தக்கால் ஊனுததுக்குக்கூட இவ்வளவு பாக்க மாட்டாவளே" என்று அம்மா கேலி செய்தாள்.

காலையில் பல் விளக்கியதும் அத்தை அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். "ஏலே, இன்னைக்கு என்ன, ஒரு எலை கூடுதலா விட்டிருக்கே? யாரு கேட்டா உன்கிட்ட?" என்று அதோடு பேசுவாள். எங்கள் வீட்டில் யாரும் அவளோடு அவ்வளவு பேசியதில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அவள் தார் சுற்றினாள், தண்ணீர் இறைத்தாள், அம்மாவுக்கு மாவு ஆட்டிக் கொடுத்தாள். பேச என்ன இருக்கிறது என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

இரண்டு மொட்டில் ஒன்று ஆடித் தபசுத் திருவிழா முடிந்த வாரம் விரிந்தது. மெல்லிசான நீள இதழ்கள், தந்த நிறம். வாசனையை எப்படிச் சொல்ல? பழுத்த பூவன் பழத்தை உரித்த கையில் சந்தனம் தொட்டது மாதிரி. தறிக்கூடத்திலிருந்து வரும் கஞ்சி வாடையை அது ஒரு பகல் முழுக்க அடக்கி வைத்தது. முதல் பூவைச் சாமிக்குத்தான் வைக்க வேண்டும் என்றாள் அம்மா. அத்தை பறிக்கவே இல்லை. "அது செடியில இருந்துட்டுப் போவுது மைனி. சாமிக்கு அங்கனயே பாக்கத் தெரியாதா?" என்றாள். அம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

புற்றுமண்ணைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் எந்த வீட்டு அலமாரியில் அது இல்லை? கோவிலிலிருந்து மடித்துக் கொண்டுவந்த பொட்டலம், திருநீற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். தேள் கடிக்கு, படைக்கு, பிள்ளை பயந்து அலறினால், எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தச் சித்திரையில் எனக்குக் கால் முழுக்கச் சிரங்கு. அம்மா புற்றுமண்ணைக் குழைத்துக் குழைத்துப் பூசினாள், ஆறிவிட்டது. பாம்பு வரக் கூடாது என்று செண்பகத்தைச் சுற்றியும் ஒரு சிட்டிகை தூவி வைத்திருந்தாள். அதனால் ஒன்றும் கெடவில்லை.

ஆவணியில் அத்தைக்கு ஒரு வரன் வந்தது. இளையரசனேந்தல் பக்கம். நிலம் நீச்சு உள்ளவர், முதல் தாரம் இறந்து வருசம் திரும்பவில்லை. அத்தையைவிடப் பதினாறு வயது மூத்தவர். அம்மாவின் சொந்தத்தில் யாரோ கொண்டுவந்தது. அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. 'வெள்ளிக்கிழமை பாக்க வாராவ' என்று சொன்னார்கள், அவ்வளவுதான். அவளும் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் அத்தை தன் பாயைச் சுருட்டிக்கொண்டு புறவாசலில் இருந்த விறகு அறைக்குப் போய்விட்டாள். நம் வீடுகளில் அதற்கென்று ஒரு அலுமினியத் தட்டும் தம்ளரும் தனியாகக் கிடக்குமே, அதையும் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குத் தூரம். மூன்று நாள் எதையும் தொடக் கூடாது. அதிலும் பூச்செடிப் பக்கம் போகவே கூடாது. நிழல் பட்டாலே கருகிவிடும் என்பார்கள்.

"என்ன, இந்த மாசம் முந்திட்டு?" என்று அம்மா கேட்டாள்.

"முந்திட்டு மைனி. நான் என்ன செய்யதுக்கு?" என்றாள் அத்தை, முகத்தைக் காட்டாமல்.

மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் போயிற்று. தொடக்கமே தடங்கலா என்று அவர்கள் முகம் சுளித்தார்களாம். அடுத்த வளர்பிறையில் எப்படியாவது வரவழைத்துவிட வேண்டும் என்று அப்பா அலைந்துகொண்டிருந்தார்.

அந்த மூன்று நாளும் செடி அம்மா பொறுப்பில். ஆவணி வெயில் உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் இலைகள் லேசாகத் தொங்கின. சாயங்காலம் தானாக நிமிர்ந்திருக்கும். அம்மாவுக்கு அது தெரியவில்லை. குனிந்து பார்த்தவள் அந்தப் புடைப்பைக் கண்டுவிட்டாள். மெழுகுத் துணி கிழிந்து, உள்ளே தழும்பு போல வரி வரியாகத் தெரிந்தது.

"அடப் பாவமே, அடியில புண்ணுல்லா புடிச்சிருக்கு! இதுக்குப் போயித் துணியச் சுத்தி வச்சிருக்காளே இவ!" என்றாள். என்னை ஓடிப்போய்ப் பொட்டலத்தை எடுத்து வரச் சொன்னாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அம்மா குழைத்துப் பூசி, அது போதாது என்று மிச்ச மண்ணையும் கரிசலையும் சேர்த்துப் புடைப்பு மறையும்வரை அணைத்துவிட்டாள். என் சிரங்கு ஆறியதே, செடிக்கு மட்டும் ஆறாதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விறகு அறைக் கதவருகில் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

"மைனி, அதை மூடாதிய. மூடக் கூடாது."

"நீ சும்மா கெட. கோவில் மண்ணு. அதுவா கெடுத்துரப் போவுது?"

கோவில் மண் கெடுக்கும் என்று நம் ஊரில் யார் வாயால் சொல்ல முடியும்? அத்தை உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாத நேரம். நான் பல்பொடியைக் கையில் கொட்டிக்கொண்டு புறவாசலுக்கு வந்தேன். செடிக்கு முன்னால் அத்தை குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பத்து விரலாலும் மண்ணைப் பறித்துப் பறித்துப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று தலையை மட்டும் அசைத்தாள். நான் என்ன செய்தேன்? "அம்மா! அத்தை செடியைத் தொட்டுட்டா!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். பல்பொடி வழியெல்லாம் சிந்தியது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே பாதி பார்த்திருப்பீர்கள். அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "ஏட்டி மூதி, தூரத்தோட பூச்செடியத் தொடுவாளா ஒருத்தி? கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?" அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. தீட்டுக் கழியச் செடிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். என்னைக் கோவிலுக்கு அனுப்பிப் பெரிய பொட்டலமாகப் புதுப் புற்றுமண் வாங்கிவரச் சொன்னார்கள். முன்பைவிட ஒரு சாண் உயரத்துக்கு அணைத்தாள் அம்மா. தினம் இரண்டு குடம் தண்ணீர். குளித்து வீட்டுக்குள் வந்த பிறகும் அத்தை செடிப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு.

பத்து நாளில் இலை பழுத்தது. பதினைந்தாம் நாள் மிஞ்சியிருந்த மொட்டு கறுத்து விழுந்தது. புரட்டாசி முடிவதற்குள் வெறும் குச்சி. ஐப்பசி மழையில் அப்பா அதைப் பிடுங்கிச் சாக்கடைப் பக்கம் எறிந்தார். இவ்வளவுக்கும் ஒரே காரணம்தான்: அத்தை தொட்டாள், செடி கருகிற்று. நேரில் கண்ட சாட்சி நான். யார் வந்து கேட்டாலும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார்கள். நானும் கையையெல்லாம் நீட்டி, அவள் எப்படிப் பறித்தாள் என்று நடித்துக் காட்டுவேன். வெட்கமாக இருக்கிறது எழுத. ஆனால் அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

அந்த வருசம் ஊறுகாய் போடும்போது அவளைத் தள்ளி இருக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் முருங்கைக் கொம்பு நட்டபோது 'உன் கை வேண்டாம்' என்றார்கள். இளையரசனேந்தல் வரனும் திரும்ப வரவில்லை. இரண்டு வருசம் கழித்துக் குருவிகுளத்தில் ஒரு மளிகைக் கடைக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனுசன். ஆனால் அந்தக் கதை அத்தைக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போயிருந்தது. அவர்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு உண்டு. முதல் மழைக்கு விதைக்கிற அன்று, வீட்டுப் பெண்கள் விதைப்பெட்டியைத் தொட்டு எடுத்துக் கொடுப்பது வழக்கம். மாமியார் இருந்தவரை அத்தை அதைத் தொட்டதே இல்லை. மூத்த மருமகள் அவள்.

நான் நர்ஸ் வேலைக்குப் போனேன். முப்பது வருசம் புண்ணுக்குக் கட்டுப் போட்டேன். தீட்டு, விலக்கு என்று பயந்துபோய் வந்த எத்தனையோ பிள்ளைகளிடம், 'அதெல்லாம் ஒண்ணுமில்ல மக்கா' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்த வாயால் ஒருநாள்கூட, அப்படியானால் செண்பகம் எதனால் செத்தது என்று கேட்டுப் பார்க்கவில்லை. படிப்பு ஒரு பக்கம் கிடக்கிறது, பத்து வயதில் பார்த்தது ஒரு பக்கம் கிடக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

போன ஆனியில் எங்கள் புது வீட்டு முன்வாசலுக்குச் செடி வாங்கப் போனேன். ஊருக்கு வெளியே உள்ள நர்சரி. ஒரு சின்னப் பெண்தான் கவனித்துக்கொள்கிறாள். ஒரு தொட்டியில் 'மேக்னோலியா, ஹைப்ரிட்' என்று அட்டை குத்தியிருந்தது.

"இது பாத்தா செண்பகம் மாதிரில்லா இருக்கு?" என்றேன்.

"செண்பகந்தாம்மா. வெள்ளைச் செண்பகம். மேக்னோலியான்னு எழுதுனாத்தான் வாங்குதாங்க" என்று சிரித்தாள். "சின்ன வாசலுக்கு இதுதாம்மா தோது. ஒட்டுக்கன்னு, வெரசாப் பூத்துரும். உயரம் போச்சுன்னா பூத்து முடிஞ்ச பொறவு நுனியக் கிள்ளுங்க, அடக்கமா நிக்கும். கரிசலை மட்டும் எடுத்துட்டு மண்ணு மாத்திருங்க, தண்ணி தேங்குனா வேரு தாங்காது." பிறகு செடியைச் சாய்த்து அடியைக் காட்டினாள். "இந்தா புடைப்பு இருக்குல்லா, இதுதான் ஒட்டு. இது எப்பவும் மண்ணுக்கு மேல நாலு விரக்கடை நிக்கணும்மா. மண்ண அணைச்சு மூடிட்டியன்னா அழுகிப் போயிரும். நெறைய பேரு அப்படித்தான் கொன்னுட்டு வந்து என்கிட்ட சண்டைக்கு நிக்காவ."

நான் அங்கேயே ஒரு உரமூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுவாரம் கார் வைத்துக்கொண்டு குருவிகுளம் போய் அத்தையை அழைத்து வந்தேன். மாமா காலமாகிப் பத்து வருசம் இருக்கும், மகனோடு இருக்கிறாள். முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, செடியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தேன். குழி தயாராக இருந்தது.

"உங்க கையால வைங்க அத்தை."

"ஏம்ட்டி, இது நல்லா இருக்கது உனக்குப் பொறுக்கலையா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் மாறவில்லை.

நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டை மண் மூடியதால்தான் அந்தச் செடி செத்தது, அம்மா அணைத்த மண்ணும் நான் வாங்கி வந்த பொட்டலமும்தான் அதைக் கொன்றது, உங்கள் தீட்டு இல்லை, உங்களைக் காட்டிக் கொடுத்த பாவி நான்தான் என்று அழுதேன். அத்தை சேலை முந்தியால் என் முகத்தைத் துடைத்தாள்.

"ஒட்டு விசயம் எனக்குத் தெரியாதா? அண்ணன் செடியக் கொண்டாந்த அன்னைக்கே சொன்னாவளே, கட்டு மேல மண்ணு ஏறப்படாதுன்னு. என்கிட்ட சொன்னதோட அவங்களுக்கு மறந்துட்டு. அதத்தான நான் பறிச்சுக்கிட்டிருந்தேன். தீட்டு கீட்டுன்னு சொல்லுதியே. நான் அன்னைக்குத் தூரமே இல்லட்டி."

"பொறவு எதுக்கு விறகு அறைக்குப் போனிய?" என்றேன்.

"அந்த ஆளு முன்னால போயி நிக்க மாட்டேன்னு யாருகிட்ட சொல்ல முடியும்? பாயச் சுருட்டிக்கிட்டு விறகு அறைக்குப் போயிட்டேன். மைனி மாசக்கணக்கு பாத்தாவ, நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கணும் நான். நம்மதான் தூரம் இல்லையே, தொட்டா என்னன்னு மனசு இழுத்துட்டு. நீ வந்து நின்னே."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அத்தை?"

"சொன்னா? அடுத்த வெள்ளிக்கிழமையே அந்த ஆளு வந்து காப்பி குடிச்சிட்டுப் போயிருப்பான். செடியா நானான்னு வந்துட்டு மக்கா. செடிய விட்டுட்டேன்." துவைத்துப் போட்டிருந்த துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தள்ளி நின்னு தெனமும் பாத்தேன், எலை பழுக்கதை. ஒட்ட மூடாதியன்னு தூரத்துக்காரி சொன்னா எடுபடாது, தூரமே இல்லன்னு வாயத் தொறந்தா பொழைச்சிரும்னு தெரியும். தொறக்கல. ஒரு செடி செத்த பழிதான, சவம் இருந்துட்டுப் போவுதுன்னு நெனச்சேன். அம்பது வருசம் இருக்கும்னு நெனைக்கல."

அவள் முதன்முதலாக அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு இருவருமாகச் செடியை நட்டோம். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மண்ண ரொம்ப அமுக்காத. பைய, பைய" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா இல்லை, அப்பா இல்லை, அந்த மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். அத்தை மேல் சொன்ன பழியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியவர்களில் மிச்சம் இருப்பது நாம்தான். அதை நினைத்துத்தான் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது காரில் கேட்டேன்.

"நம்ம தெருப் பிள்ளைய எல்லாத்துக்கும் இத எழுதிப் போடட்டுமா அத்தை? அந்தச் செடிய நீங்க கருக்கலன்னு?"

அத்தை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மழைக்குக் காத்துக்கிடந்த காடு இரண்டு பக்கமும் உழுது போட்டிருந்தது.

"எழுது. நான் பொய் சொன்னேங்கதையும் சேத்து எழுது. அத விட்டுட்டேன்னா நீங்க எல்லாரும் என்னையப் பாவப்பட்டவன்னு நெனைச்சிருவிய. எனக்காவ நான் செஞ்சது அது ஒண்ணுதாம்ட்டி."